ஆணி அடிக்காத வீடு

அக்கா, இதைக் குரலாக அனுப்பினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிடுவாள். அதனால் நான் பேசப் பேசப் போனே எழுதட்டும் என்று விட்டிருக்கிறேன். படித்துவிட்டு அழித்துவிடு.

நேற்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். பக்கத்தில் செல்வா படுத்திருந்தான். என்னோடு வேலை செய்கிறவன், பக்கத்து ஊர்க்காரன். அவன்தான் தன் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறான். அது அவன் ஊரிலிருந்து நம் தெருவுக்கு நடந்தே வந்துவிட்டது. பிள்ளைத்தாச்சி இருந்த வீட்டில் வசந்தன் ஆணி அடித்தான், அந்தப் பெண்ணுக்குக் கரு தங்கவில்லை என்று. உன் வளைகாப்புக்கு நான் வர வேண்டாம் என்று அம்மா சொன்னாளாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நீயே, "நெசமாவே நீ அடிச்சியாடா?" என்று கேட்டாய். அதற்குத்தான் இது.

நான் இங்கே, வெளிநாட்டில், என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. தச்சு வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கட்டிலோ மேசையோ செய்வதில்லை. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு மரப்பட்டை ஓடும். இங்கே அதை ஸ்கர்ட்டிங் என்கிறார்கள். அதை வைப்பது, கதவைச் சுற்றி வரும் பட்டையை வைப்பது, கூரையோரத்துப் பட்டையை வைப்பது, இதுதான் வேலை. எல்லாரும் கட்டி, பூசி, கிளம்பிப் போன பிறகு அவர்கள் விட்ட இடைவெளியை நாங்கள் மூடுகிறோம்.

பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஆனால் எந்த வீட்டிலும் சுவர் நேராக இருக்காது, மூலை சரியான மூலையாக இருக்காது. இரண்டு பட்டைகளின் நுனியையும் சாய்வாக வெட்டிச் சேர்த்தால் மேலே ஒட்டிக்கொண்டு கீழே வாயைப் பிளக்கும். மறுபடி சீவி, மறுபடி வைத்துப் பார்த்து, மறுபடி சீவ வேண்டும். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால் பட்டையை வளைத்து அழுத்த வேண்டும். பின்னால் பசை போடுவோம். ஆனால் பசை காய நேரமாகும். அதுவரை பட்டையைச் சுவரோடு பிடித்து வைப்பது ஆணிதான். காற்றுத் துப்பாக்கி என்று ஒன்று இருக்கிறது. அதில் தலையில்லாத ஊசி ஆணியைப் போட்டு அழுத்தினால் போதும். அதற்குக் காற்று அடைக்கிற மிஷின் ஓட வேண்டும். அது ஓடினால் தெருவே திரும்பிப் பார்க்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

அந்த வீடு கோத்தா திங்கி என்கிற ஊரில், ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறது. வருஷக் கடைசி மழையில் தண்ணீர் உள்ளே வந்து முழங்கால் உயரம் நின்றிருக்கிறது. பழைய பட்டையெல்லாம் ஊறி, உப்பி, பூஞ்சை பிடித்துக் கிடந்தது. வீட்டு மருமகள் வாசுகிக்கு மூன்றாம் மாதம். அந்த வாடைக்குச் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது என்று எங்கள் முதலாளியைக் கூப்பிட்டார்கள். முதலாளி மரியநாதன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கிறிஸ்தவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் நாள் வாசலிலேயே மாமியார் சந்திரமதி எங்களை நிறுத்திவிட்டார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி மகனைப் படிக்க வைத்த அம்மா. குரலை உயர்த்தவே மாட்டார்.

"வாடை போகணும், அதனால பழசை எடுத்துட்டுப் புதுசு வைங்க. ஆனா இந்த வீட்டுல ஒரு ஆணி விழக்கூடாது. துளை போடக்கூடாது. அறுக்கிறதெல்லாம் கேட்டுக்கு வெளிய."

"ஆன்ட்டி, ஆணி இல்லாம இது நிக்காது. இது என்ன ஃபிரிட்ஜ்ல ஒட்டுற ஸ்டிக்கரா?" என்றார் அண்ணன்.

"நிக்கலன்னா நீ கையால புடிச்சிக்கிட்டு நில்லு. உனக்கு வேற என்ன வேலை."

வாசுகிக்கு ஏற்கெனவே ஒரு தடவை கரு தங்காமல் போயிருக்கிறது. அந்தச் சமயத்தில் வீட்டில் யாரோ அலமாரி மாட்டச் சுவரில் அடித்தார்களாம். நம் ஊரில் மாசமாக இருக்கிற வீட்டில் கொத்து வேலை ஆகாது என்பார்கள். இங்கே ஆணிகூட ஆகாது. பக்கத்து வீட்டுச் சீன அம்மாவும் வேலி வழியாகத் தலையை நீட்டி, அடிக்காதே, அடிக்காதே என்று கையாட்டினார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் மனைவி டொரத்தி அக்கா மாசமாக இருந்தபோது தான் ஒரு காலண்டர்கூட மாட்டவில்லை என்றார்.

வீட்டில் இதைக் கேட்டுச் சிரித்தவர் ஒருவர்தான், வாசுகியின் கணவர் தீபன். எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய், இருட்டிய பிறகு வந்து சோபாவில் விழுகிற ஆள்.

"அம்மா, சிங்கப்பூர்ல டெய்லி ஆணி அடிக்கிறாங்க. அங்க புள்ள பொறக்கலையா?" என்றார்.

"அது அவங்க வீடு," என்றார் அந்த அம்மா.

தினமும் காலையில் எங்கள் சாமான் பெட்டியைத் திறந்து பார்த்து, சுத்தியலையும் ஆணிப் பையையும் எடுத்து வேனிலேயே வைக்கச் சொல்வார். காற்றுத் துப்பாக்கியை நாங்கள் கொண்டு போகவே இல்லை. ரோட்டில் மிஷினைப் போட்டு அறுத்து, பட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, வைத்துப் பார்த்து, ஒரு மயிரிழை அதிகம் என்றால் திரும்ப ரோட்டுக்கு ஓட வேண்டும். பசை மட்டும் போட்டு, பட்டையின் மேல் எதையாவது சாய்த்து முட்டுக் கொடுத்தோம். அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன், சோபாவின் முதுகு, கட்டைகள் எல்லாம் முட்டு. வெள்ளம் பார்த்த சுவர் வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். பசை சுவரில் ஒட்டாமல் பெயிண்டோடு உரிந்து வரும். சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டுவோம்.

வாசுகி மாடிப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார். வீடே ஆஸ்பத்திரி மாதிரி ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நிற்கிறது என்பார். எங்களுக்கு மைலோ கலக்கித் தருவார். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அவளுக்கும் மாசம் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதிலிருந்து தினமும் உன்னைப் பற்றிக் கேட்பார். உங்க அக்காவுக்கு வாந்தி நின்னுடுச்சா, என்ன சாப்பிடத் தோணுது, கால் வீங்குதா என்று. நீ உப்பு மாங்காய் கேட்கிறாய் என்றேன். தனக்கு நானாஸ் என்றார், நம் அன்னாசிப்பழம்தான். மாசமாக இருக்கிறவர்களுக்கு அது ஆகாது என்பதை மறந்து மரியநாதன் அண்ணன் பெக்கான் நானாஸ் என்கிற ஊரிலிருந்து ஒரு கூடை வாங்கி வந்துவிட்டார். கர்ப்பிணி வாசனைகூடப் பிடிக்கக் கூடாது என்று சந்திரமதி அம்மா அதைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார். நாங்கள் ரோட்டில் நின்று தின்றோம். வாசுகி ஜன்னலிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் நான் சிரித்தது இதற்கெல்லாம்தான் அக்கா.

எல்லாப் பட்டையும் எப்படியோ நின்றுவிட்டது. மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒன்று மட்டும் நிற்கவில்லை. அங்கே சுவர் நடுவில் புடைத்திருந்தது. நடுவை அழுத்தினால் இரண்டு நுனியும் எழும்பும், நுனியை அழுத்தினால் நடு பிதுங்கும். ஒரே ஓர் ஊசி ஆணி போட்டால் அடங்கிவிடும். அண்ணனிடம் சொன்னேன். "ஒண்ணுனாலும் ஆணிதான்டா," என்றார். பட்டையின் பின்பக்கத்தைச் சீவி மெல்லிசாக்கினேன். பசையை மாற்றினேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தண்ணீர்க் கேனையும் ஒரு கட்டையையும் முட்டுக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை வந்து பார்க்கிறோம் என்று கிளம்பினோம்.

திங்கட்கிழமை போனபோது கேனும் கட்டையும் ஓரமாக இருந்தன. பட்டை கல் மாதிரி நின்றது. கடைசியில் பசை பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். குனிந்து பார்க்கவில்லை. நின்றபடியே காலால் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் அண்ணனுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வேனை ஓரமாக நிறுத்தினார். வாசுகியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், தங்கவில்லை என்றார். நெற்றியிலிருந்து நெஞ்சுக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அன்றைக்குத்தான் உனக்கு நேரங்கெட்ட நேரத்தில் போன் பண்ணி, நல்லா இருக்கியா, நல்லா இருக்கியா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பைத்தியமா உனக்கு என்று திட்டினாய்.

கொஞ்ச நாள் கழித்து அந்த வீட்டிலிருந்து மறுபடி போன். உடனே வரச் சொன்னார்கள். போனோம். சந்திரமதி அம்மா வாசலில் நின்றிருந்தார். எங்களை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப் போய் விரலை நீட்டினார். பட்டையில் வரிசையாக நாலு ஆணித் தலைகள். தரையைத் துடைத்தபோது ஈரத் துணி பட்டு, மேலே பூசியிருந்த வெள்ளை கரைந்து வெளியே தெரிந்துவிட்டதாம்.

"தலைதலையா அடிச்சிக்கிட்டேனே. உங்ககிட்ட வேற என்ன கேட்டேன்?" என்றார். "பார்த்ததுமே கேட்டேன் தீபன்கிட்ட. வேலைக்காரங்க அடிச்சிருப்பாங்கன்னு சொல்றான்."

தீபன் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் குனிந்து ஆணியைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. அது சிமெண்டுச் சுவரில் படம் மாட்டுகிற தடித்த இரும்பு ஆணி. எங்கள் பெட்டியில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. இழவு விழுந்த வீட்டில் வழக்குப் பேச அவருக்கு மனசு வரவில்லை போல. அந்த ஆணியைப் பிடுங்கி எடுக்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவை மெதுவாகப் பேசி வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

குறடு எடுத்து உட்கார்ந்தேன். இரும்பு ஆணி சுவரில் நன்றாகக் கடித்துக்கொள்ளும், சும்மா வராது. ஒரு சின்னக் கட்டையை அடியில் கொடுத்து நெம்பினேன். முதல் ஆணி வந்தபோது அந்தத் துளையிலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். பற்பசை. ஆணித் தலையை மறைக்கப் பற்பசை பூசியிருக்கிறது. வேலைக்காரன் எவனும் பற்பசை பூச மாட்டான் அக்கா. எங்கள் பையில் அடைக்கிற மாவு டப்பா டப்பாவாக இருக்கிறது.

நிமிர்ந்தேன். தீபன் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார். என் கையிலிருந்த ஆணியைப் பார்த்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அந்த அம்மா முன்னால் வைத்துவிடலாம் என்று எழுந்தேன். அப்போது வாசுகி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்தார். வழக்கமாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கிற இடம்.

"நீங்க அடிக்கல தம்பி. எனக்குத் தெரியும்," என்றார்.

நின்றேன். நடந்ததை அவரே சொன்னார்.

சனிக்கிழமை ராத்திரி நாங்கள் வைத்துவிட்டுப் போன முட்டுக் கட்டையில் அவருக்குக் கால் தடுக்கியிருக்கிறது. விழவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தீபன் பயந்து போய் உடனே கட்டையை எடுத்துவிட்டார். எடுத்ததும் பட்டை விழுந்துவிட்டது. மறுநாள் காலை மாமியார் கோவிலுக்குப் போன நேரத்தில், கட்டை இல்லாமலே பட்டை நிற்கட்டும், மறுபடி வாசுகிக்குக் கால் தடுக்கிவிடக் கூடாதே என்று ஆணி அடித்திருக்கிறார். வாசுகி மாடியில் முழித்துக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வோர் அடியும் காதில் விழுந்திருக்கிறது. இறங்கி வந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தனக்கும் அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை என்றார்.

"டாக்டர் சொல்லிட்டாங்க, எதுனாலயும் ஆகல, சில சமயம் இப்படித்தான் நடக்கும்னு. எனக்கு அது புரியுது. அத்தைக்குப் புரியாது. அவர்தான் அடிச்சாருன்னு தெரிஞ்சா, சாகுற வரைக்கும் மகனைப் பார்த்து அதையேதான் சொல்லுவாங்க. அவரு தாங்க மாட்டாரு தம்பி. இப்பவே என்கிட்ட கண்ணு குடுத்துப் பேசறதில்ல."

"நான் அடிக்கலைக்கா," என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி.

"நீங்க ஒருநாள் ஊருக்குப் போயிடுவீங்க. நாங்க இங்கதான் இருக்கணும்," என்றார். பிறகு, "நான் கேக்கறது தப்புதான்," என்றார்.

அக்கா, அவர் அழுதிருந்தால்கூட நான் மறுத்திருப்பேன். அழவில்லை. அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அப்போது தோன்றியது இதுதான். என்னை இந்த ஊரில் யாருக்குத் தெரியும், யார் வீட்டில் நான் பெண் எடுக்கப் போகிறேன், என் பேர் கெட்டால் இங்கே கெட்டுவிட்டுப் போகட்டும், நம் வீட்டுக்கா தெரியப் போகிறது. செல்வா ஒருத்தன் இருப்பதையே மறந்துவிட்டேன்.

மீதி ஆணிகளையும் பிடுங்கி, எல்லாவற்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். சந்திரமதி அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நான்தான் அடிச்சேன்மா. நிக்கலன்னு அடிச்சிட்டேன்," என்றேன். அண்ணன் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா திட்டுவார், செருப்பை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உனக்கு அக்கா இருக்கான்னு வாசுகி சொன்னா. மாசமா இருக்காளாமே."

"ஆமாம்மா."

"அவ நல்லா இருக்கட்டும்."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்.

வேனில் ஏறியதும் அண்ணன் கேட்டார். "ஏன்டா ஒத்துக்கிட்ட?" நான் சட்டைப்பையிலிருந்த ஆணிகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு, தனக்கு விளங்கிவிட்டது என்பது மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் கோத்தா திங்கியில் பேச்சுப் பரவிவிட்டது. அடுத்து நாங்கள் வேலை பார்க்க வேண்டியிருந்த வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்த அந்தப் பையன் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார். அவர் வீட்டிலும் மருமகள் இருக்கிறாள். அண்ணன் என்னையும் செல்வாவையும் ரெங்கம் என்கிற வேறோர் ஊருக்கு அனுப்பிவிட்டார். இங்கே ஒரு கடையைப் புதுப்பிக்கிறோம். யாரும் குடியிருக்காத கடை. நாள் முழுக்கக் காற்றுத் துப்பாக்கி அடிக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்தச் சத்தம் ஒவ்வொரு தடவையும் எனக்கு இங்கே, நெஞ்சுக்குக் கீழே வந்து இறங்குகிறது.

செல்வாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே அது கோத்தா திங்கிக்குப் போய்விடும். அம்மாவிடமும் நீ சொல்ல வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே கூப்பிட்டுச் சொல்லுவாள், என் பிள்ளை நல்லவன் என்று. பிறகு செல்வா வீட்டுக்கு, அங்கிருந்து செல்வாவுக்கு. அம்மா கேட்டால் ஆமாம், அடித்தானாம் என்றே சொல். வளைகாப்புக்கு நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள். உனக்கு மட்டும் தெரிந்தால் போதும். நான் அடிக்கவில்லை அக்கா.

ஒன்றே ஒன்று. அந்த அம்மா, அவ நல்லா இருக்கட்டும் என்று சொன்னாரே, அதை நிஜமாகவே மனசாரச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். அவர் முகத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பகலில் அப்படித்தான் தோன்றுகிறது. படுத்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது.

தொட்டில் கட்ட அறை உத்தரத்தில் கொக்கி அடிக்கப் போவதாக மாமா சொன்னார் என்று போன மாதம் சொன்னாய். அதை இப்போது அடிக்க வேண்டாம் என்று சொல். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனாலும் வேண்டாம். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வரட்டும். அதுவரைக்கும் சுத்தியலை எடுத்து எங்கேயாவது வை, மாமா கண்ணில் படாத இடத்தில்.